பெயருக்குப் பின்னால் ஒரு பெயர்: ஜெர்டன், 1851

மக்களே, ஒரு சின்ன டெஸ்ட். உங்களுக்கு எத்தனை வகை எறும்பு தெரியும்? சித்தெறும்பு, கட்டெறும்பு, பிள்ளையார் எறும்பு, மாமரத்துல இலையைத் தைச்சுக் கூடு கட்டுற முசுறு. நாலு சொல்லிட்டு நிறுத்திட்டீங்கன்னா கவலைப்படாதீங்க. போன பொங்கல் லீவு வரைக்கும் நானும் அதே நாலுதான்.

எங்க ஊர் விருத்தாசலம். செராமிக் ஊர். அப்பா ஒரு செராமிக் யூனிட்ல வேலை பார்க்கிறார். யூனிட்டுக்குப் பின்னாடி களிமண் குவியலும், சூளையில உடைஞ்சுபோன கப் துண்டுகளும் கிடக்கும். பக்கத்துல ஒரு வேப்பமரம். லீவுல அப்பாவுக்கு டிபன் கொண்டுபோனப்போ அந்த மரத்துல கை ஊன்றி நின்னேன். சுரீர்னு ஒரு கொட்டு. பார்த்தா ஒல்லியான எறும்பு. தலையும் வயிறும் கறுப்பு, நடு உடம்பு மட்டும் செங்கல் கலர். அடுத்த நாள் காலையில அதே இடத்துல மண்குவியல் ஓரமா கறுப்பு எறும்புகள் ஒரு நீண்ட வரிசையா போய்க்கிட்டு இருந்தது. ரெண்டையும் போட்டோ எடுத்து, ராத்திரி உட்கார்ந்து தேடினேன்.

மரத்து எறும்போட படத்துக்குப் பொருந்தின பெயர் டெட்ராபோனேரா ரூஃபோநைக்ரா. வரிசை எறும்புக்கு லெப்டோஜெனிஸ் புரோசெஷனாலிஸ். விலங்கியல்ல ஒரு உயிரினத்தோட பெயருக்குப் பின்னால, அதை முதல்ல விவரிச்சவர் பெயரையும் வருஷத்தையும் எழுதுவாங்க. ரெண்டுக்கும் பின்னால ஒரே பெயர், ஒரே வருஷம்: ஜெர்டன், 1851.

யார் இவர்? நம்ம ஊர் எறும்புக்குப் பின்னால இவர் பெயர் எப்படி வந்து உட்கார்ந்தது? அந்தக் கதைதான் இது. முடியுற இடத்துல என்னோட ஃபைனல் இயர் புராஜெக்டும் வரும், பொறுத்துக்கோங்க.

மருந்துப் பெட்டியோட வந்தவர்

தாமஸ் காவர்ஹில் ஜெர்டன் 1811 அக்டோபர் 12-ல் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் பிறந்தார். குடும்பம் ஸ்காட்லாந்து எல்லைப் பக்கத்தைச் சேர்ந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். அங்கேயே ராபர்ட் ஜேம்சன் என்ற பேராசிரியரிடம் இயற்கை வரலாறும் கேட்டார். டார்வினும் ஏறக்குறைய அதே வருஷங்கள்ல அதே பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க வந்து, பாதியில விட்டுட்டுப் போனவர். ஜெர்டன் விடல. படிச்சு முடிச்சு, 1835-ல் கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி சர்ஜனா சேர்ந்தார். 1836 பிப்ரவரியில் சென்னையில் வந்து இறங்கினார்.

வேலை என்னன்னா, படைவீரர்களுக்கு வைத்தியம். முதல்ல கஞ்சம் பக்கம் அனுப்பினாங்க. அங்கே காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் படையையே படுக்க வைத்திருந்தது. அடுத்து 1837-ல் ஒரு குதிரைப்படையோட திருச்சிராப்பள்ளி. விருத்தாசலத்துல ரயில் ஏறினா சுமார் ரெண்டு மணி நேரத்துல நாம போய் இறங்குற அதே திருச்சி. பிறகு படையோடவே ஜால்னா. 1841-ல் நீலகிரி. அந்த வருஷம்தான் ஃப்ளோரா மக்லியோடைக் கல்யாணம் செய்தார். அவங்களுக்குச் செடிகொடிகள்ல, அதிலும் ஆர்க்கிட் மலர்கள்ல, நல்ல ஈடுபாடு.

பட்டாளம் எங்கே போனாலும் டாக்டரும் கூடவே போகணும். மத்தவங்களுக்கு அது அலைச்சல். ஜெர்டனுக்கு அது ஓசி டூர். போற இடமெல்லாம் பறவை, பாம்பு, மீன், எறும்புன்னு எதையும் விடாம சேர்த்தார், எழுதினார்.

பூச்சி அரிச்ச பார்சல்

அவர் வாழ்க்கையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. இந்தியாவுக்கு வந்த புதுசுல சேகரிச்ச பறவைத் தோல்களை எல்லாம் கட்டி, ஸ்காட்லாந்துல இருந்த சர் வில்லியம் ஜார்டைனுக்கு அனுப்பினார். ஜார்டைன் அப்போ பறவையியல்ல பெரிய கை. எது என்ன பறவைன்னு அவர் பார்த்துச் சொன்னாத்தான் மதிப்புன்னு நம்பிக்கை. கப்பல்ல மாசக்கணக்கா போன பார்சல் அங்கே போய்ச் சேர்றதுக்குள்ள அந்துப்பூச்சி அரிச்சுத் தின்னுடுச்சு.

நாமளா இருந்தா என்ன செய்வோம்? ஒரு வாரம் சோகமா ஸ்டேட்டஸ் போடுவோம். ஜெர்டன், தூரத்துல இருக்கிறவர் சான்றிதழுக்குக் காத்திருக்கிறதையே நிறுத்தினார். தன் கண்ணையும் தன் குறிப்பையும் நம்பி, தென்னிந்தியத் தீபகற்பத்தின் பறவைப் பட்டியலை 1839-40-ல் சென்னையிலேயே ஒரு ஜர்னல்ல வெளியிட்டார். மொத்தம் 420 இனங்கள். அதுக்குச் சில வருஷம் முன்னாடி கர்னல் சைக்ஸ் போட்ட பட்டியலைப்போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லியாகணும். ஜெர்டன் நெல்லூர்ல சிவில் சர்ஜனா இருந்தப்போ, காட்டை அறிந்த யானாதி மக்களோட பழக்கம் ஏற்பட்டது. எந்தப் பறவை எந்தப் புதர்ல இருக்கும்னு அவங்களுக்குத் தெரியும். 1843-லிருந்து 1847 வரை அவர் வெளியிட்ட இந்தியப் பறவைப் படப் புத்தகத்துக்குப் படம் வரைஞ்சவங்கள்ல பெரும்பாலானவங்க இந்திய ஓவியர்கள். ஆனா பறவை பெயருக்குப் பின்னால நிற்கிறது ஒரே ஒரு பெயர். அறிவியல் பெயரிடும் விதி அப்படி. அதுல கை கொடுத்தவங்களுக்கு இடம் இல்லை. ஜெர்டனைப் பாராட்டும்போது அவங்களையும் மனசுல வச்சுக்கோங்க.

தலச்சேரியில் எறும்பு பார்த்த டாக்டர்

1847-ல் மலபார் கரையில் தலச்சேரிக்கு சிவில் சர்ஜனாகப் போனார். எறும்புக் கதை சூடு பிடிக்கிறது அங்கேதான். 1851-ல் அதே சென்னை ஜர்னல்ல, தென்னிந்திய எறும்புகளின் பட்டியல்னு சுமார் 25 பக்கக் கட்டுரை எழுதினார்.

வெறும் நீளம், அகலம், நிறம் மட்டும் அதுல இல்ல. ஒவ்வொரு எறும்பும் எப்படிப் பிழைக்குதுன்னு பார்த்து எழுதியிருந்தார். கூடு எங்கே, என்ன தின்னும், தனியா போகுமா கூட்டமா போகுமா, கொட்டினா எவ்வளவு வலிக்கும். விதைகளைத் தூக்கிட்டுப் போய்ச் சேர்க்கிற எறும்பைப் பற்றியும் குறிப்பு எழுதினார். எறும்பு தானியம் சேர்க்கும்னு நம்ம பாட்டிக்குத் தெரியும். ஆனா குளிர்நாட்டு எறும்புகள் அப்படிச் சேர்க்கிறதில்லைங்கிறதால, ஐரோப்பாவில் பலர் அதைப் பழங்கதைன்னு தள்ளி வச்சிருந்தாங்க. 1873-ல் மாக்ரிட்ஜ் என்பவர் அறுவடை எறும்புகளைப் பற்றிப் புத்தகம் போட்டப்போ, ஜெர்டனின் குறிப்பும் அதுல ஒரு சாட்சியா வந்தது.

அந்தப் பட்டியல்ல ஒரு விசித்திரமான எறும்பு. நீண்டு மேல்நோக்கி வளைஞ்ச தாடை, பெரிய பெரிய கண்கள், தொந்தரவு செய்தா எகிறிக் குதிக்கும். அதுக்காகவே ஒரு புதுப் பேரினம் உண்டாக்கி ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர்னு பெயர் வச்சார். முதல் பாதிக்குக் கிரேக்கத்துல அரிவாள் தாடைன்னு அர்த்தம். ரெண்டாவது பாதி லத்தீன்ல ஆட்டக்காரன், குதிப்பவன்.

இப்போ நம்ம மண்குவியல் எறும்புக்கு வாங்க. லெப்டோஜெனிஸும் இந்தக் குதிக்கும் எறும்பும் ஒரே துணைக்குடும்பம்; பொனேரினே. சொந்தக்காரங்கதான். ஆனா பிழைப்பு நேர் எதிர். குதிக்கும் எறும்பு பகல்ல தனியா போகும், கண்ணால பார்த்துப் பாய்ஞ்சு பிடிக்கும். லெப்டோஜெனிஸ் படையா போகும், கரையான் வேட்டையாடும், முன்னால போனது தரையில் வச்ச வாசனையைப் பின்னால வர்றது பிடிச்சுக்கிட்டு போகும். வரிசையா போறதைப் பார்த்துத்தான் ஜெர்டன் புரோசெஷனாலிஸ்னு வச்சார், அதாவது ஊர்வலக்காரன்.

ரெண்டுமே தலைக்கு முன்னால ஒரு ஜோடி உணர்கொம்பை நீட்டிக்கிட்டுத்தான் நடக்குது. அந்தக் கொம்புக்குள்ள என்ன இருக்குன்னு ஜெர்டன் தேடல. அவர் பார்த்தது நடையும் வேட்டையும் மட்டும்தான்.

கொம்புக்குள்ள என்ன இருக்கு?

அந்தக் கேள்வியை எடுத்தவர்கள்ல முக்கியமானவர் சுவிட்சர்லாந்தின் ஆகஸ்ட் ஃபோரல், 1848-ல் பிறந்த மனநல மருத்துவர். பாருங்க, இவரும் டாக்டர்தான். உணர்கொம்பை நீக்கிட்டா, வழக்கமா சண்டை போடுற வேற வேற இன எறும்புகள் ஒண்ணா சும்மா இருக்குன்னு காட்டினார். எதிரி யார், சொந்தம் யார்னு சொல்ற உறுப்பு அந்தக் கொம்புதான். கொம்பை மைக்ரோஸ்கோப்ல பார்த்து, தோலுக்குள்ள புதைஞ்ச ரெண்டு வகை உறுப்பை விவரிச்சார். ஒண்ணு ஷாம்பெயின் பாட்டில் மூடி மாதிரி, இன்னொண்ணு நீளக் கழுத்துக் குடுவை மாதிரி. இதே ஃபோரல் 1892-லிருந்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக ஜர்னல்ல இந்தியா, இலங்கை எறும்புகளை வரிசையா எழுதினார். ஜெர்டன் போட்ட பட்டியலை அடுத்த படிக்கு எடுத்துக்கிட்டுப் போனவர்கள்ல அவரும் ஒருவர்.

இன்னைக்கு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல தெரியுறது இது. எறும்புக் கொம்பு முழங்கை மாதிரி மடங்கும். முதல் கணு நீளம், அப்புறம் வரிசையா குட்டிக் கணுக்கள். அது மேல பல வகை உணர்முடிகள். சிலது தொடுதலுக்கு. சிலதுல நுண் துளைகள் இருக்கும். வாசனை மூலக்கூறு அது வழியா உள்ளே போய் நரம்பைத் தொடும். கட்டையான ஒரு வகை, இன்னொரு எறும்பின் தோல்மேல உள்ள மெழுகு வாசனையைப் படிச்சு இது நம்ம கூடா இல்லையான்னு சொல்லும். குழிக்குள்ள புதைஞ்சிருக்கும் வகைகள்ல சிலது வெப்பத்தையும் கார்பன் டை ஆக்ஸைடையும் அறியும். நுனிக் கணுவுலதான் கூட்டம் அதிகம். எறும்பு முதல்ல நீட்டித் தொடுறது அந்த நுனியைத்தானே.

இனத்துக்கு இனம் என்ன மாறுது? நான் எதிர்பார்த்தது, ஒவ்வொரு இனத்துக்கும் புதுசு புதுசா வேற உறுப்பு இருக்கும்னு. அப்படி இல்ல. அமெரிக்காவில் டெம்னோதோராக்ஸ் ரூகட்டுலஸ்னு ஒரு எறும்பு, 4 மில்லிமீட்டர் கூட இருக்காது. 2017-ல் வந்த ஆய்வுல அதன் கொம்பை எண்ணிப் பார்த்தாங்க. பெரிய எறும்புகள்ல பார்த்த அத்தனை வகை உணர்முடியும் அதுலயும் இருந்தது. எண்ணிக்கைதான் ரொம்பக் குறைவு. ஒரே இனத்துக்குள்ளேயும், தலை அகலமானா சில வகை முடி கூடுது, சில வகை கூடல. ஆண், பெண் வித்தியாசமும் உண்டு. மெழுகு வாசனை படிக்கிற அந்தக் கட்டை முடி கட்டெறும்புக் குடும்பத்துல வேலைக்கார எறும்புகளுக்கு உண்டு, ஆண்களுக்குக் கிடையாது. கூட்டைக் காவல் காக்காத ஆணுக்கு அது எதுக்கு?

ஆக, கருவிப்பெட்டி ஒண்ணுதான். எதை எத்தனை, எந்தக் கணுவுல வைக்கிறதுங்கிறது இனத்துக்கு இனம், உடம்பு அளவுக்கு அளவு, வேலைக்கு வேலை மாறுது.

இங்கதான் என் புராஜெக்ட். கேஸ் லீக் டிடெக்டர். நம்ம எல்லாரும் வாங்குற அந்த எம்க்யூ வரிசை சென்சார் தெரியும்ல? எம்க்யூ 2 சமையல் கேஸுக்கும் புகைக்கும், எம்க்யூ 3 ஆல்கஹாலுக்கு, எம்க்யூ 7 கார்பன் மோனாக்ஸைடுக்கு. வெளியில பார்த்தா ஒரே வலைத் தொப்பி. உள்ளே ஒரு குட்டி செராமிக் குழாய், அது மேல டின் ஆக்ஸைடு பூச்சு, நடுவுல ஹீட்டர் கம்பி. எங்கப்பா வாழ்நாள் பூரா சுட்ட அதே சாமான்களோட ஒண்ணுவிட்ட தம்பி அந்தக் குழாய். பூச்சையும் சூட்டையும் மாத்தினா மோப்பம் மாறும். என் டிடெக்டர் ஊதுவத்திக்கெல்லாம் அலறி, முதல் ரிவ்யூவுல நான் அசடு வழிஞ்சதுக்குக் காரணம், எந்த இடத்துல எந்த வாசனை இருக்கும்னு பார்க்காமலே சென்சாரை வாங்கினது. பிழைப்பைப் பார்க்காம கொம்பைத் தேர்ந்தெடுத்துட்டேன். எறும்பு அந்தத் தப்பைச் செய்றதில்லை.

குதிக்கும் எறும்பு திரும்பி வந்த கதை

ஜெர்டன் பிறகு சாகர் போனார். 1860-களின் தொடக்கத்துல கானிங் பிரபுவின் ஆதரவோட தனிப் பணி கிடைச்சு, இந்தியப் பறவைகள் பற்றிய பெரிய நூலை 1862-லிருந்து 1864-க்குள்ள கொண்டு வந்தார். 1867-ல் பாலூட்டிகள் நூல். 1870-ல் இங்கிலாந்து திரும்பினார். 1872 ஜூன் 12-ல் லண்டன் அருகே அப்பர் நார்வுட்டில் இறந்தார். வயசு 60.

எறும்புப் பட்டியலோட நிலைமை அவ்வளவு நல்லா இல்ல. அவர் விவரிச்ச பல எறும்புகளின் அசல் மாதிரிகள் இன்னைக்கு எங்கேயும் இல்லை. பின்னால வந்தவங்களுக்கு மிஞ்சினது அவர் எழுதின வரிகள் மட்டும்தான். சில வரிகள் எந்த எறும்பைச் சொல்லுதுன்னு தலையைச் சொறிய வேண்டியிருந்தது. ஆனா எங்கெல்லாம் அவர் நடத்தையைத் தெளிவா எழுதினாரோ, அங்கெல்லாம் அந்த எறும்பைத் திரும்பக் கண்டுபிடிக்க முடிஞ்சது. குதிக்கும் எறும்பை யார் மறப்பாங்க?

அந்த எறும்பு 2010-ல் மறுபடி உலகச் செய்தி ஆச்சு. முதன்முதலா முழு மரபணு வரிசை படிக்கப்பட்ட ரெண்டு எறும்புகள்ல ஒண்ணு, ஜெர்டன் பெயர் வச்ச ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர். அதுல வாசனை ஏற்பிகளுக்கான மரபணுக்கள் முந்நூறுக்கும் மேல. பழ ஈக்குச் சுமார் 60 தான். கண்ணால வேட்டையாடுற எறும்புக்கே இவ்வளவு மோப்பம் எதுக்கு? வீட்டுக்குள்ள நடக்கிறதுக்கு. ராணி செத்துட்டா, வேலைக்கார எறும்புகள் கொம்பால ஒண்ணையொண்ணு அடிச்சுப் போட்டி போடும், நாள்கணக்கா. ஜெயிச்சவங்க முட்டையிடத் தொடங்குவாங்க. அவங்க மூளையே சுருங்கிடும். திரும்ப வேலைக்காரியா மாத்தினா மறுபடி வளரும்.

2017-ல், அந்த ஏற்பிகள் வேலை செய்யத் தேவையான ஒரு மரபணுவை அணைச்சுப் பார்த்தாங்க. அந்த எறும்புகள் கூட்டை விட்டு வெளியே அலைஞ்சது. கொம்புச் சண்டையில சேரல. மூளையில் வாசனைக்கான முடிச்சுகளே சரியா வளரல. கூட்டத்துக்குள்ள இருந்தும் தனியாள். ஃபோரல் கொம்பை நீக்கிக் காட்டினதை, இவங்க கொம்பைத் தொடாமலே காட்டினாங்க.

இப்படி ஒரு சோதனையை ஜெர்டன் கனவுலயும் நினைச்சிருக்க முடியாது. மரபணுன்னு ஒரு சொல்லே அவர் காலத்துல இல்ல. ஆனா எந்த எறும்பைத் தேர்ந்தெடுத்தா சுவாரசியமான பதில் கிடைக்கும்னு பின்னால வந்தவங்களுக்குத் தெரியணும்னா, இது குதிக்கும், இது தனியா வேட்டையாடும், இது ஊர்வலம் போகும்னு யாரோ ஒருத்தர் முதல்ல உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கணும். ஆஸ்பத்திரி வேலை முடிஞ்ச நேரத்துல, சம்பளத்துக்குச் சம்பந்தமே இல்லாம, ஜெர்டன் அதைச் செய்தார்.

பொங்கல் லீவு முடிஞ்சு கிளம்புற அன்னைக்கு மறுபடி அந்த மண்குவியலுக்குப் போனேன். ஊர்வலத்துக்கு நடுவுல ஒரு உடைஞ்ச கப் துண்டை வச்சேன். முன்னால வந்தது நின்னுச்சு, கொம்பை ரெண்டு பக்கமும் ஆட்டிச்சு. வரிசை குழம்பிச்சு. கொஞ்ச நேரத்துல துண்டைச் சுத்தி ஒரு வளைவு, அந்தப் பக்கம் பழைய வரிசை. எவ்வளவு நேரம் ஆச்சுன்னு போன்ல குறிச்சு வச்சேன். நேரம், இடம், வெயிலா நிழலா, எல்லாம். அப்பா வந்து என்னடா பண்றேன்னு கேட்டார். சொன்னேன். சிரிச்சுட்டு, சூளைப் பக்கம் வேற மாதிரி ஒண்ணு இருக்கு, சூடா இருக்கிற செங்கல் மேலயே ஓடும், அதையும் எழுதிக்கோன்னார்.

முப்பது வருஷமா பார்த்துக்கிட்டு இருக்கார். யாரும் அவர்கிட்ட கேட்டதில்லை, நானும்தான். அடுத்த லீவுல முதல்ல அவர் கூட உட்கார்ந்து அந்தச் சூளை எறும்பைப் பற்றி எழுதப் போறேன். குறிப்புல அவர் பெயரும் இருக்கும்.

உங்க ஊர்ல என்ன எறும்பு இருக்கு? பார்த்துட்டு, தேதியோட எழுதி அனுப்புங்க.